இரவு ஒன்பது மணிக்கான வண்டி

குடும்பத்தோடு தீம் பார்க் போவதற்காக ஸ்ட்ரோலர் வாங்க வருகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, எது மிகச் சிறிதாக மடியும் என்பதைத்தான். விற்பவரும் ஒரு பொத்தானை அழுத்தி, ஒரே உதறலில் வண்டியைச் சுருட்டி, தோள்பைக்குள் வைத்துக் காட்டுவார். பார்க்க வித்தை போலத்தான் இருக்கும். ஆனால் அந்த வித்தை பயணத்தில் எத்தனை மணி நேரத்துக்குப் பயன்படும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. காலை ஒன்பது மணிக்குப் பூங்கா வாசலில் விரித்த வண்டி, இரவு வாணவேடிக்கை முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் மடியும். பன்னிரண்டு மணி நேரம் அது விரிந்தே இருக்கிறது. அதில் ஒரு பிள்ளை உட்கார்கிறது, சாப்பிடுகிறது, அழுகிறது, கடைசியில் தூங்கிவிடுகிறது. ஆகவே பயண ஸ்ட்ரோலரை விமான நிலையத்தை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுப்பது தவறு என்பதே என் வாதம். பிள்ளையும் பெற்றோரும் ஒருசேரக் களைத்துப்போகும் இரவு ஒன்பது மணியை வைத்துத்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிறிய மடிப்பு இவ்வளவு பெரிய பெருமையானதற்கு ஒரு வரலாறு உண்டு. மடங்கும் ஸ்ட்ரோலர் பிறந்ததே விமானத்தை ஒட்டித்தான். இங்கிலாந்தின் ஓவன் மெக்லாரன் ஒரு விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறங்கு சக்கர அமைப்பை உருவாக்கியதில் அவருக்குப் பங்குண்டு. ஓய்வு பெற்றபின், மாஸ்கோவிலிருந்து வந்த மகள் பேரக் குழந்தையின் கனத்த வண்டியோடு படும் பாட்டைப் பார்த்தார். விமானச் சக்கரம் உள்ளே மடியும் உத்தியையே அலுமினியக் குழாய்களில் கையாண்டு, குடை போல மடியும் மூன்று கிலோவுக்கும் குறைவான வண்டியை வடிவமைத்தார். 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1967இல் அது விற்பனைக்கு வந்தது. அதன்பின் அரை நூற்றாண்டு போட்டி முழுவதும் மடிப்பின் அளவில்தான் நடந்தது. 2012இல் பிரான்சிலிருந்து வந்த பேபிஜென் யோயோ, நீளவாக்கில் மட்டும் மடியாமல் மூன்றாக மடிந்து, 52 செ.மீ. நீளம், 44 செ.மீ. அகலம், 18 செ.மீ. தடிமன் கொண்ட பொட்டலமாகி விமானத்தில் தலைக்கு மேலுள்ள பெட்டியில் ஏறியது. இன்று கடையில் நிற்கும் பயண ஸ்ட்ரோலர்களில் பலவும் அதன் வழித்தோன்றல்களே. இந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கைக்குழந்தையோடு விமானம் மாறும் ஒரு தாய்க்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது விளக்காமலே புரியும். ஆனால் விமானத்துக்காகப் பிறந்த ஓர் அளவுகோல், தீம் பார்க்குக்கும் அப்படியே பொருந்திவிடும் என்று நாம் எண்ணிக்கொண்டதுதான் சிக்கல்.

ஃபுளோரிடாவின் ஓர்லாண்டோ அருகிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டை எடுத்துக்கொள்வோம். 1971இல் மேஜிக் கிங்டம் என்ற ஒரே பூங்காவோடு தொடங்கிய அந்த வளாகத்தில் இன்று நான்கு தீம் பார்க்குகள். அவற்றில் ஒன்றான எப்காட்டில் பல நாடுகளின் அரங்குகள் ஓர் ஏரியைச் சுற்றி நிற்கின்றன. அந்த ஏரியை ஒரு சுற்று வந்தாலே ஏறத்தாழ 2 கிலோமீட்டர். வாசலிலிருந்து ஏரி வரை போய்த் திரும்புவதும், சவாரிக்கும் கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் குறுக்கும் நெடுக்கும் அலைவதும் இதில் சேரவில்லை. பெரியவர் ஒருவர் ஓர் அடி வைக்கும் தூரத்துக்கு நான்கு வயதுப் பிள்ளை ஏறக்குறைய இரண்டு அடி வைக்க வேண்டும். நமக்கு நீண்ட நடையாகத் தெரிவது அதற்கு யாத்திரை. இந்தியாவிலிருந்து போகும் குடும்பங்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. கோடையில் ஓர்லாண்டோ நம் நேரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே நண்பகல் பன்னிரண்டு அடிக்கும்போது சென்னையில் இரவு ஒன்பதரை. முதல் இரண்டு மூன்று நாட்களில் பிள்ளையின் உடம்பு சென்னைக் கடிகாரத்தையே கேட்கும். உச்சி வெயிலில், அணிவகுப்பின் நடுவில், அது சரிந்து தூங்கும். அந்தத் தூக்கத்தைத் தாங்கும் இருக்கை வண்டியில் இல்லை என்றால் அது எவ்வளவு சிறிதாக மடிந்து என்ன பயன்?

யாருக்காக வாங்குகிறோம் என்பதிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. ஸ்ட்ரோலர் என்றதும் கைக்குழந்தைதான் நினைவுக்கு வரும். ஆனால் கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளலாம், மாறி மாறி இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். தீம் பார்க்கில் வண்டி உண்மையிலேயே தேவைப்படுவது, வீட்டில் வண்டியை மறந்து வெகுநாளான மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு. தூக்க முடியாத கனம். நாள் முழுக்க நடக்கப் போதாத கால்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி மூன்று வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை 14.3 கிலோ, நான்கு வயதில் 16.3, ஐந்தில் 18.3. பெண் குழந்தைகள் இதைவிடச் சற்றே குறைவு. இப்போது வண்டியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எடை வரம்பைப் பாருங்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 1888 இதற்காகவே இரண்டு பகுதிகளாக இருக்கிறது: முதல் பகுதி 15 கிலோ வரையிலான குழந்தைகளுக்கு, இரண்டாவது 15 முதல் 22 கிலோ வரை. 15 கிலோவோடு நின்றுவிடும் வண்டி, சராசரி நான்கு வயதுப் பிள்ளைக்கே போதாது. அதோடு பிள்ளை கையில் தண்ணீர்ப் போத்தலும் வாங்கிக்கொடுத்த பொம்மையும் இருக்கும்.

எடை வரம்பு போதுமானதாக இருப்பதால் மட்டும் இருக்கை போதுமானதாகிவிடாது. மிகச் சிறிதாக மடிய வேண்டும் என்றால் எங்கோ ஓரிடத்தில் துணியையும் குழாயையும் குறைத்தாக வேண்டும். பெரும்பாலும் அது முதுகுச் சாய்மானத்தின் உயரத்தில் குறையும். அடுத்து சாய்வின் கோணத்தில், அதற்கடுத்து மேற்கூரையின் நீளத்தில். நான்கு வயதுப் பிள்ளையின் தலை சாய்மானத்தின் மேல்விளிம்பைத் தாண்டி நின்றால், தூங்கும்போது கழுத்து பக்கவாட்டில் தொங்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் விழித்து அழும். சாய்மானம் முழுக்கப் படுக்கையாக வேண்டும் என்று சொல்லவில்லை. பிறந்த குழந்தைக்குத்தான் அது கட்டாயம். பெரிய பிள்ளைக்குத் தலை முன்னால் விழாத அளவு சாய்ந்தால் போதும். கால் வைக்கும் பட்டையும் முக்கியம். அது இல்லாவிட்டால் உறங்கும் பிள்ளையின் பாதங்கள் முன்சக்கரத்தில் உரசும்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும், அது நம் வீடுகளில் தாத்தா பாட்டியிடமிருந்தே எழும்: நான்கு வயதுப் பிள்ளையை வண்டியில் வைத்துத் தள்ளுவதா, நடந்து பழகட்டுமே என்று. அன்றாட வாழ்க்கைக்கு இது சரியான பேச்சு. தெருமுனைக் கடைக்குப் போகவும் பூங்காவில் விளையாடவும் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு வண்டி கூடாது. நடை அதன் உரிமை. ஆனால் நடப்பதும், நடந்து களைத்த பின்னும் நிற்காமல் நடத்தப்படுவதும் ஒன்றல்ல. தீம் பார்க்கில் வண்டியில் வரும் பிள்ளை நடக்காமல் இருப்பதில்லை. சவாரி வரிசைகளுக்குள் பெரும்பாலும் வண்டிக்கு அனுமதி கிடையாது என்பதால், அங்கே நின்றும் நடந்தும் தன் பங்கைச் செலுத்திவிட்டுத்தான் வருகிறது. இரண்டு சவாரிகளுக்கு நடுவே உள்ள நெடுந்தூரத்தை மட்டுமே வண்டி ஏற்றுக்கொள்கிறது. பிள்ளையைப் பெரியவர்கள் தோளில் சுமக்கலாமே என்றால், 16 கிலோவை முப்பது டிகிரிக்கு மேலான புழுக்கத்தில் எத்தனை நிமிடம் சுமக்க முடியும் என்பதை அவரவர் உடம்பு சொல்லும். அறுபது வயதுப் பாட்டியின் முதுகிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

இனி அந்த இரவு ஒன்பது மணிக்கு வருவோம். வாணவேடிக்கை முடிகிறது. பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரே வாசலை நோக்கி நகர்கிறார்கள். டிஸ்னி வேர்ல்டின் மோனோரயிலிலும் பெரிய படகுகளிலும் வண்டியை விரித்தபடியே ஏற்றலாம். 2019இல் தொடங்கிய ஸ்கைலைனர் தொங்கூர்தியிலும் அளவு பொருந்தினால் அப்படியே தள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் விடுதிகளுக்குப் போகும் பேருந்திலும் வாகன நிறுத்தத்துக்குப் போகும் டிராமிலும் மடித்துத்தான் ஏற வேண்டும் என்பது பொது விதி. பேருந்து வந்து நிற்கிறது. பின்னால் வரிசை தள்ளுகிறது. பிள்ளை ஆழ்ந்த தூக்கத்தில். ஒருவர் பிள்ளையைத் தூக்குகிறார். இன்னொருவர் கூடையில் இருக்கும் மழை அங்கி, பொம்மை, மீந்த பிஸ்கட் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கைப்பிடியில் மாட்டிய பையைக் கழற்றி, வண்டியை மடிக்கிறார். கூட இன்னொரு பிள்ளை இருந்தால் அதன் கையையும் பிடித்தாக வேண்டும். கடையில் இரண்டு கையாலும் நிதானமாக மடித்துக் காட்டிய வண்டியின் உண்மையான பரீட்சை இதுதான். ஒரு கையால் மடிகிறதா? மேற்கூரையையும் சாய்மானத்தையும் முதலில் சரிசெய்த பிறகுதான் மடியுமா? மடித்தபின் தானாகப் பூட்டிக்கொள்கிறதா, இல்லை ஒரு கொக்கியைத் தேட வேண்டுமா? தரையில் படுக்காமல் தானே நிற்கிறதா? மடிந்த அளவில் ஐந்து சென்டிமீட்டர் கூடினாலும், இந்த நான்கும் ஒழுங்காக நடக்கும் வண்டியே மேலானது என்பேன்.

மடிப்பு என்றதும் கீல்களை மறக்கக் கூடாது. 2009 நவம்பரில் அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் மெக்லாரன் ஸ்ட்ரோலர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. விரிக்கும்போது கீலில் குழந்தைகளின் விரல் நுனி அகப்பட்டுத் துண்டான சம்பவங்கள் 12 அப்போது பதிவாகியிருந்தன. தீர்வாகக் கீல்களை மூடும் உறைகளே வழங்கப்பட்டன. களைப்பும் அவசரமும் இருட்டும் சேர்ந்த நேரத்தில்தான் இந்த வண்டிகள் மடிக்கப்படுகின்றன, விரிக்கப்படுகின்றன. கீல் மூடியிருக்கிறதா என்று பார்ப்பதும், பிள்ளை எட்ட நிற்கும்போது மட்டும் மடிப்பதும் சின்ன விஷயங்களாகத் தோன்றலாம். எனக்கு அவை நிறத்தையும் பிராண்டையும் விடப் பெரியவை.

கவிழ்வதும் அப்படித்தான். அமெரிக்க மருத்துவமனை அவசரப் பிரிவுகளின் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, 1990 முதல் 2010 வரை ஸ்ட்ரோலர்களாலும் குழந்தையைச் சுமக்கும் சாதனங்களாலும் காயப்பட்டு வந்த ஐந்து வயது வரையிலான குழந்தைகள் சுமார் 3,60,000 பேர் என மதிப்பிட்டது. ஸ்ட்ரோலர் காயங்களில் விழுவதால் ஏற்பட்டவையே அதிகம். வண்டி கவிழ்வது அடுத்த காரணம். இலேசான வண்டியின் நல்ல குணமே இங்கே அதன் பலவீனம். ஆறு கிலோ வண்டியின் கைப்பிடியில் நான்கு கிலோ பையை மாட்டினால், பிள்ளை உட்கார்ந்திருக்கும் வரை சமநிலை இருக்கும். பிள்ளை இறங்கியதும் வண்டி மல்லாக்கச் சாயும். பிள்ளை இருக்கும்போதே பின்னால் எக்கினாலும் சாயும். எனவே இருக்கைக்குக் கீழே தாழ்வான, கை எளிதில் நுழையும் கூடை இருப்பது வெறும் வசதியல்ல, பாதுகாப்பு. பெல்ட்டும் அப்படியே: நான்கு வயதுப் பிள்ளைக்கு எதற்கு என்று விட்டுவிடுவது வழக்கம், ஆனால் தூங்கி முன்னால் சரிவது அந்த வயதில்தான்.

வெயிலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நல்ல மனத்தோடு செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. மேற்கூரை குட்டையாக இருந்தால் பெற்றோர் செய்வது, துண்டையோ துப்பட்டாவையோ வண்டிமேல் போர்த்துவது. நிழல் கிடைக்கிறது, காற்று நின்றுவிடுகிறது. 2014இல் ஸ்வீடன் நாளிதழ் ஒன்று செய்த சோதனையில், வெயிலில் நின்ற குழந்தை வண்டிக்குள் 22 டிகிரியாக இருந்த வெப்பம், மெல்லிய துணி போர்த்திய அரை மணியில் 34 ஆகவும் ஒரு மணி நேரத்தில் 37 ஆகவும் ஏறியது. பின்னர் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முறையாக அளந்தபோதும் உலர்ந்த துணி வெப்பத்தைக் கூட்டவே செய்தது. நனைத்த மெல்லிய துணியும் சிறு விசிறியும் சேர்ந்தபோது சுமார் ஐந்து டிகிரி குறைந்தது. ஈரத்துணி குளிர்வது நீர் ஆவியாவதால். ஓர்லாண்டோவின் கோடைக் காற்று சென்னையின் ஐப்பசிக் காற்று போல ஈரம் சுமந்தது என்பதால், அங்கே அவ்வளவு பலனை எதிர்பார்க்க முடியாது. ஆகவே துணியை நம்பாத வண்டி வேண்டும்: முழங்கால் வரை இறங்கும் மேற்கூரை, முதுகுப் பக்கம் காற்றுப்போகும் வலை. அந்த ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழை அன்றாட வழக்கம். பிள்ளை சவாரியில் இருக்கும்போது வெளியே நிற்கும் வண்டி நனையும். வண்டிக்கே உரிய மழை உறையை எடுத்துப்போவது நல்லது, ஆனால் பிள்ளை உள்ளே இருக்கையில் வெயில் வந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும்.

சக்கரத்தைப் பொறுத்தவரை அதிகம் கவலைப்பட வேண்டாம். தீம் பார்க் தரை நம் ஊர் நடைபாதை அல்ல. மேஜிக் கிங்டத்தின் முதன்மைத் தெருவில் குதிரை இழுக்கும் டிராமுக்கான தண்டவாளம் உண்டு. சின்னச் சக்கரம் அதன் பள்ளத்தில் மாட்டும் என்பதால் நேர்குறுக்காகக் கடக்க வேண்டும், அவ்வளவே. சக்கரத்தை விடக் கைப்பிடி முக்கியம். குடை மாதிரி வண்டிகளில் இரண்டு தனித்தனிக் கைப்பிடிகள். இரண்டு கையும் வேண்டும். குறுக்குக் கம்பி ஒன்றாக இருக்கும் வண்டியை ஒரு கையால் தள்ளலாம், மறுகை மூத்த பிள்ளையைப் பிடிக்கலாம். கூட்டத்தில் அந்த மறுகைக்கு விலையே இல்லை.

இவ்வளவு யோசிப்பதை விட அங்கேயே வாடகைக்கு எடுத்தால் என்ன என்பது அடுத்த எதிர்வாதம். இது வலுவானது. டிஸ்னி வேர்ல்டில் ஒற்றை ஸ்ட்ரோலரின் ஒருநாள் வாடகை 2023இல் 15 டாலராக இருந்தது. பல நாளுக்குச் சேர்த்து எடுத்தால் சற்றுக் குறையும். பெரிய பிள்ளைகளும் உட்காரலாம், உறுதியாக உருளும். ஆனால் அது கெட்டியான பிளாஸ்டிக், சாயாது. இன்னொன்று, பூங்கா வாசலைத் தாண்டி அதைக் கொண்டுபோக முடியாது. அதாவது, தூங்கும் பிள்ளையோடு பேருந்து நிறுத்தத்துக்கும், இறங்கிய பின் விடுதியின் நீண்ட தாழ்வாரத்துக்கும் நடக்கும் நேரத்தில், வண்டி மிகத் தேவைப்படும் அதே நேரத்தில், அது நம்மிடம் இருக்காது. ஒரே நாள், சொந்தக் கார், ஐந்து வயதைத் தொட்ட பிள்ளை என்றால் வாடகையே புத்திசாலித்தனம். நான்கு நாள், விடுதிப் பேருந்து, மூன்று வயது என்றால் இல்லை. ஓர்லாண்டோவில் விடுதிக்கே கொண்டுவந்து தரும் தனியார் வாடகைக் கடைகள் இந்த இரண்டுக்கும் நடுவிலான வழி. விமானத்தில் தூக்கிப் போகத் தயங்குபவர்கள் அதை எண்ணிப்பார்க்கலாம்.

வீட்டிலிருக்கும் பெரிய ஸ்ட்ரோலரையே கொண்டுபோகலாமே என்பவர்களுக்கு, 2019 மே 1 முதல் அமலில் உள்ள விதியை நினைவூட்ட வேண்டும். 31 அங்குல அகலத்தையும் 52 அங்குல நீளத்தையும், அதாவது 79, 132 செ.மீ. அளவுகளைத் தாண்டும் வண்டிகளுக்கு அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் இடமில்லை. இழுத்துச் செல்லும் வேகன்களுக்கு அறவே இல்லை. ஒற்றை வண்டிகள் பெரும்பாலும் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். தடையாவது அவற்றின் எடை: பன்னிரண்டு கிலோ வண்டியை இரவுப் பேருந்தின் படியில் தூக்கி ஏற்றுவது யார்? இரட்டைப் பிள்ளைகளோ அடுத்தடுத்துப் பிறந்த இருவரோ உள்ள குடும்பங்கள்தான் அளவுநாடாவை எடுக்க வேண்டும், பிள்ளைகள் அருகருகே உட்காரும் வண்டிகளில் சில 79 செ.மீ. எல்லையை ஒட்டியே வருகின்றன. அவர்களுக்கும் பல நேரம் நல்லது ஒரே இரட்டை வண்டியைவிட இரண்டு ஒற்றை வண்டிகள்தான். சவாரிக்காகக் குடும்பம் இரண்டாகப் பிரியும்போது வண்டியும் பிரியும்.

கடைசியாக விமானம். அதை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. சென்னையிலிருந்து ஓர்லாண்டோவுக்கு நேரடி விமானம் கிடையாது. இடையில் ஒரு முறையாவது மாற வேண்டும், நள்ளிரவில் வாயிலிலிருந்து வாயிலுக்கு நடக்க வேண்டும். ஆனால் கைப்பெட்டி அளவுக்கு மடிவது அங்கேயும் நினைத்த அளவு கைகொடுப்பதில்லை. பல ஆசிய நிறுவனங்களில் கைப்பெட்டி எடை வரம்பு 7 கிலோ. ஆறு கிலோ வண்டி அதன் பெரும்பகுதியை விழுங்கிவிடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மூன்று பக்க அளவுகளின் கூட்டுத்தொகை 115 செ.மீ. வரை அனுமதிக்கிறது, யோயோவின் கூட்டுத்தொகை 114. ஒரு சென்டிமீட்டரில் தப்பிக்கும் வண்டி, அகலத்தைத் தனியாக அளக்கும் வேறொரு நிறுவனத்தில் தப்பிக்காது. இன்னொரு பக்கம், ஸ்ட்ரோலரை விமான வாசல் வரை தள்ளிப்போய்ப் பணியாளரிடம் ஒப்படைக்கும் வசதியைப் பெரும்பாலான நிறுவனங்கள் தனிக் கட்டணமின்றித் தருகின்றன. எல்லா விமான நிலையங்களிலும் அது வாசலிலேயே திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை, சில இடங்களில் பெட்டிகளோடு வரும். அடிபடாமலிருக்க ஒரு கெட்டித் துணி உறை போதும். ஆகவே ஏழெட்டு கிலோ எடையும், நல்ல முதுகும், ஒரு கை மடிப்பும் உள்ள வண்டி மேல்பெட்டியில் ஏறாது என்ற ஒரே காரணத்துக்காக அதைக் கழித்துவிட வேண்டியதில்லை.

கடைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. செருப்போடு உட்காரவைத்து, தலை எங்கே நிற்கிறது, கூரை எதுவரை வருகிறது என்று பார்த்துவிடலாம். பயணத்தில் வண்டியைப் பெரும்பாலும் தள்ளப்போகிறவர் யாரோ, தாத்தாவாகவே இருந்தாலும், அவரே தள்ளிப் பார்க்க வேண்டும். பிறகு பிள்ளையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, மறுகையால் மட்டும் வண்டியை மடித்துத் தூக்க வேண்டும். பிள்ளை ஒத்துழைக்காவிட்டால் பத்துக் கிலோ அரிசிப் பையும் ஐந்து கிலோ பையும் சேர்ந்து தோளில் ஏறட்டும். மூன்று முறை முயன்று மூன்று முறையும் மடிந்தால் விலை கேட்கலாம்.